ஷேல் காசு எந்த ஊரில் தங்கியது? மூன்று மாநிலங்கள், மூன்று வழிகள்

2014 டிசம்பர் 17 அன்று நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியிலிருந்து ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. முதலாவது, மாநிலத்தில் ஃப்ராக்கிங்குக்கு, அதாவது ஷேல் பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதற்கு, அனுமதி கிடையாது. இரண்டாவது, புதிய சூதாட்ட விடுதிகள் எங்கெங்கே வரும் என்ற பட்டியல். பென்சில்வேனியா எல்லையை ஒட்டியிருக்கும் பிங்ஹாம்டன் வட்டாரம் இரண்டையும் நம்பிக் காத்திருந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போன வட்டாரம் அது. ஐபிஎம் வளர்ந்த எண்டிகாட் பக்கத்து ஊர்தான். அந்த ஆலையையும் ஐபிஎம் 2002-ல் விற்றுவிட்டது. அன்றைக்கு அவர்களுக்கு வாயுவும் இல்லை, விடுதியும் இல்லை. (ஒரு சூதாட்ட உரிமம் 2016-ல் வந்து சேர்ந்தது, அது வேறு கதை.) 2015 தொடக்கத்தில் எல்லையோரத்து ஊர்கள் பதினைந்து, பேசாமல் பென்சில்வேனியாவோடு சேர்ந்துவிட்டால் என்ன என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டன.

காரணம் எளிது. எல்லைக்கு இரண்டு பக்கமும் காலுக்கடியில் இருப்பது ஒரே மார்செல்லஸ் ஷேல் பாறை. அந்தப் பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் புது டிராக்டர் வாங்குகிறார். இந்தப் பக்கம் அதே மாதிரி மாடு வைத்திருப்பவர் வேலியோரம் நின்று பார்க்கிறார். அந்தப் பொறாமையில் எவ்வளவு நியாயம் இருந்தது? பத்துப் பன்னிரண்டு வருடக் கணக்கு கையில் இருப்பதால் இப்போது சரிபார்க்கலாம். கூடவே மேற்கே வெகுதொலைவில், பாக்கன் ஷேல் எண்ணெய் எடுக்கும் நார்த் டகோட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன். மூன்றும் மூன்று வழிகள். நார்த் டகோட்டா தோண்ட விட்டது, கனமாக வரி போட்டது, அதில் ஒரு பங்கைப் பூட்டி வைத்தது. பென்சில்வேனியா தோண்ட விட்டது, வரி போடவில்லை. நியூயார்க் தோண்டவே விடவில்லை.

முதலில் இரண்டு விஷயங்கள் தெளிவாக வேண்டும். ஒன்று, ஷேல் கிணற்றின் ஆயுள். பூமிக்குள் ஒன்றிரண்டு மைல் இறங்கி, அப்புறம் படுக்கைவாட்டில் ஒன்றிரண்டு மைல் துளைத்து, தண்ணீரும் மணலும் ரசாயனமும் கலந்து அழுத்திப் பாறையை விரிசல் விட வைக்கிறார்கள். முதல் மாதங்களில் பீறிட்டு வரும். ஒரு வருடத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் விழுந்துவிடும். ஆட்கள் தேவைப்படுவது துளைக்கும்போதும் உடைக்கும்போதும்தான். வாயு வர ஆரம்பித்துவிட்டால் கிணற்றை அவ்வப்போது பார்த்துவர ஒரு பிக்கப் வண்டியில் ஓர் ஆள் போதும். அதாவது தோண்டிக்கொண்டே இருந்தால்தான் வேலை இருக்கும்.

இரண்டு, பாறை யாருடையது என்பது. இந்தியாவில் மண்ணுக்கடியில் இருக்கும் எண்ணெயும் வாயுவும் நிலத்துக்காரருக்குச் சொந்தமில்லை. காவிரிப் படுகையில் வயலைக் கொடுத்தவருக்கு இழப்பீடோ குத்தகைத் தொகையோ கிடைக்கலாம், எடுத்து விற்பதில் ஒரு பங்கான ராயல்டி அரசுக்குத்தான் போகும். அமெரிக்காவில் தனியார் நிலத்தில் அடியில் இருப்பதும் தனியார் சொத்து. அதனால்தான் அங்கே விவசாயிகளே கூட்டாகச் சேர்ந்து, ‘எங்கள் நிலத்தில் தோண்டு’ என்று நிறுவனங்களிடம் பேரம் பேசிய காட்சி நடந்தது. நம் ஊர் விவாதத்தை அப்படியே அங்கே பொருத்திப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

பென்சில்வேனியா: காசோலையும் பிடித்தமும்

மார்செல்லஸின் முதல் வெற்றிக் கிணறு 2004-ல் பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே வாஷிங்டன் கவுன்ட்டியில் தோண்டப்பட்டது. (கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி.) 2008 வாக்கில் குத்தகை முகவர்கள் வடகிழக்கில் சஸ்குவேஹானா, பிராட்ஃபோர்ட் கவுன்ட்டிகளில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஆரம்பத்தில் ஏக்கருக்கு 25 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. இரண்டு மூன்று வருடம் பொறுத்தவர்களுக்கு அதுவே 5,000 டாலரைத் தாண்டியது. ஒரே சாலையில் அடுத்தடுத்த வீடுகள், இருநூறு மடங்கு வித்தியாசம். இதில் விளைந்த மனத்தாங்கல் எந்தப் பொருளாதாரக் கணக்கிலும் வராது.

முன்பணம் ஒருமுறை வருவது. தொடர்ந்து வருவது ராயல்டி. மாநிலச் சட்டப்படி அது எட்டில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு கற்பனைக் காசோலையைப் பிரித்துப் பார்ப்போம். நாளைக்கு 50 லட்சம் கன அடி தரும் நல்ல கிணறு, ஆயிரம் கன அடிக்கு 2 டாலர் விலை: ஒரு நாள் வருமானம் 10,000 டாலர், மாதம் 3 லட்சம். எட்டில் ஒன்று 37,500. ஆனால் அந்தக் கிணறு 640 ஏக்கரிலிருந்து இழுக்கிறது. நம்முடைய விவசாயிக்கு அதில் 100 ஏக்கர். அவர் பங்கு சுமார் 5,860 டாலர். மோசமில்லை, இல்லையா? அங்கேதான் கணக்குத் தாளின் அடுத்த பத்தி வருகிறது: வாயுவைச் சேகரிக்க, அழுத்த, குழாயில் அனுப்ப என்று பிடித்தம். ஆயிரம் கன அடிக்கு 80 சென்ட் பிடித்தால் கையில் நிற்பது 3,500 டாலர். எட்டில் ஒன்று குறைந்தபட்சம் என்று சட்டம் சொல்லும்போது பிடித்தம் எப்படி என்று ஒரு வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. பிடிக்கலாம் என்று 2010-ல் தீர்ப்பு வந்துவிட்டது. அடுத்த வருடம் கிணறு பாதியாக இறங்கினால் காசோலையும் பாதி. விலை விழுந்தால் இன்னும் கீழே. 2008 கோடையில் 13 டாலரைத் தொட்ட வாயு 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே போனது. அதை விழ வைத்ததே இந்த ஷேல் வாயுதான்.

இனி அரசின் பங்கு. பெரிய அளவில் வாயு எடுக்கும் மாநிலங்களில் உற்பத்தி வரியே இல்லாத மாநிலம் பென்சில்வேனியாதான். அதற்குப் பதிலாக 2012-ல் ‘சட்டம் 13’ மூலம் ‘தாக்கக் கட்டணம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கிணற்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. முதல் வருடத்துக்கு வாயு விலையைப் பொறுத்து சுமார் 40,000 முதல் 60,000 டாலர், ஆண்டு ஏற ஏறக் குறையும். கிணறு எவ்வளவு கக்குகிறது என்பது இதில் வராது. மேலே சொன்ன கற்பனைக் கிணற்றுக்கு அந்த முதல் வருடக் கட்டணம் நாலைந்து நாள் வருமானம். மாநிலம் முழுவதுமாக இந்தக் கட்டணம் 2020-க்கு சுமார் 146 மில்லியன் டாலர், விலை உச்சத்தில் இருந்த 2022-க்கு சுமார் 279 மில்லியன். ஆண்டுக்கு 7 டிரில்லியன் கன அடிக்கு மேல் எடுக்கும் மாநிலம் இது. டெக்சாஸுக்கு அடுத்த இடம். மலிவு விலையில் வைத்துப் பார்த்தால்கூட இந்தத் தொகை ஒன்று, இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் ஒரு நல்ல அம்சத்தைச் சொல்லியாக வேண்டும். வசூலில் பெரும்பங்கு, ஏறத்தாழ அறுபது சதவீதம், கிணறு இருக்கும் கவுன்ட்டிகளுக்கும் ஊர்களுக்கும் நேரடியாகப் போகிறது. சில நூறு பேர் வாழும் ஊர் நிர்வாகத்துக்கு வருடா வருடம் சில லட்சம் டாலர் வந்தால், பாலம் கட்டலாம், சாலை போடலாம், பனி தள்ளும் வண்டி வாங்கலாம். ஆளுநர் டாம் வுல்ஃப் திரும்பத் திரும்ப உற்பத்தி வரி கேட்டபோது சட்டமன்றத்தில் அது நகராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்: வரி வந்தால் பணம் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்குக்குப் போகும், கட்டணம் இருந்தால் ஊருக்கு வரும். சின்ன காசு, ஆனால் நம் காசு என்ற கணக்கு.

பிட்ஸ்பர்க் பக்கம், பீவர் கவுன்ட்டியில் ஷெல் நிறுவனத்தின் பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலை 2022 நவம்பரில் இயங்கத் தொடங்கியது. அதற்கு மாநிலம் ஒதுக்கிய வரிச்சலுகை 25 ஆண்டுகளுக்கு 1.65 பில்லியன் டாலர். கட்டுமானத்தின் உச்சத்தில் எட்டாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். நிரந்தர வேலை சுமார் 600. வாயுவுக்கு வரி போடாத மாநிலம், வாயுவை வாங்கும் ஆலைக்கும் வரியை விட்டுக்கொடுத்தது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

டைமக் கதையை விட்டுவிட முடியாது. சஸ்குவேஹானா கவுன்ட்டியில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் 2009 புத்தாண்டு அன்று ஒரு வீட்டுத் தண்ணீர்க் கிணறு மீத்தேன் சேர்ந்து வெடித்தது. வருடக்கணக்கில் வழக்கு, கேன் தண்ணீர், ஊருக்குள்ளேயே இரண்டு அணி. 2022 நவம்பரில்தான் துளையிட்ட நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்க்காமல், பொதுக் குடிநீர்க் குழாய்க்கு 16 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. பதிமூன்று வருடம்.

நார்த் டகோட்டா: வெள்ளம்போல் வந்தது

வில்லிஸ்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் கோதுமையும் எண்ணெயும் கலந்த ஒரு சந்தை ஊர். 2010 கணக்கெடுப்பில் 14,716 பேர். 2020-ல் 29,160. பக்கத்தில் மெக்கன்சி கவுன்ட்டி இதே பத்தாண்டில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. அமெரிக்காவிலேயே வேகமாக வளர்ந்த கவுன்ட்டி அதுதான். 2006-ல் நாளொன்றுக்கு ஒரு லட்சம் பீப்பாய் எடுத்துக்கொண்டிருந்த மாநிலம், 2012-ல் அலாஸ்காவை முந்தி, 2014-ல் பத்து லட்சம் பீப்பாயைத் தொட்டது. நாடே வேலையில்லாமல் தவித்த காலத்தில் இங்கே வேலையின்மை 3 சதவீதத்துக்கும் அதற்குக் கொஞ்சம் மேலும் ஊசலாடியது.

அதன் மறுபக்கம் வாடகை. 2014 தொடக்கத்தில் வந்த ஒரு கணக்கெடுப்பில், ஒரு படுக்கையறை வீட்டுக்கு நாட்டிலேயே அதிக வாடகை கேட்ட ஊர் நியூயார்க்கோ சான் ஃபிரான்சிஸ்கோவோ இல்லை. வில்லிஸ்டன். மாதம் 2,000 டாலருக்கு மேல். எண்ணெய் நிறுவனத்தில் சம்பளம் வாங்கியவர் கொடுத்துவிட்டார். பள்ளி ஆசிரியரும், ஓய்வூதியத்தில் வாழ்ந்த பாட்டியும் என்ன செய்வார்கள்? வேலை தேடி வந்தவர்கள் கடை வாகன நிறுத்தத்தில் காரிலேயே தூங்கினார்கள். கன்டெய்னர் முகாம்கள் முளைத்தன. ஒரு கிணற்றை முடிக்க சுமார் 2,000 லாரி நடை வேண்டும் என்பார்கள். மண்சாலைகள் என்ன கதிக்கு ஆளாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்காரர் நிலைமையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. பென்சில்வேனியாவைவிட இங்கே மேல் நிலமும் அடிக்கனிமமும் பிரிந்து கிடப்பது அதிகம். தாத்தா காலத்தில் நிலத்தை விற்றபோது கனிம உரிமையை வைத்துக்கொண்டவர்களின் வாரிசுகள் எங்கோ அரிசோனாவில் உட்கார்ந்து ராயல்டி வாங்குவார்கள். லாரிப் புழுதியைச் சுவாசிப்பவருக்குக் கிடைப்பது பயிர் நட்டமும் இட வாடகையும்தான்.

ஆனால் அரசு கையில் பிடியை விடவில்லை. உற்பத்தி வரி 5 சதவீதம், எடுப்பு வரி 6.5 சதவீதம், இரண்டும் சேர்ந்து 11.5. (2016 முதல் 10 ஆகக் குறைத்தார்கள்.) 2010-ல் மக்கள் வாக்களித்து ‘லெகசி ஃபண்ட்’ என்ற சேமிப்பு நிதியை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்: எண்ணெய், வாயு வரியில் 30 சதவீதம் அதற்குள் போகும், 2017 ஜூன்வரை யாரும் தொடக் கூடாது. தானே ஒரு அரசு வங்கியை 1919-லிருந்து நடத்திவரும் மாநிலம் என்பதால் இந்தச் சிக்கன புத்தி எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பணம் மாநிலத் தலைநகர் பிஸ்மார்க்கில் குவிந்தபோது வில்லிஸ்டன் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. சாக்கடை, தண்ணீர், சாலை, பள்ளி எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். ஆட்கள் இன்றைக்கு வந்துவிட்டார்கள், வரிப் பங்கு மெதுவாகத்தான் திரும்பி வருகிறது. எண்ணெய்க் கவுன்ட்டிகள் அழுது புலம்பி, ஒருவழியாக 2015 பிப்ரவரியில் 1.1 பில்லியன் டாலர் அவசர ஒதுக்கீட்டில் கையெழுத்தானது. அதற்குள் பீப்பாய் விலை பாதிக்கு விழுந்திருந்தது. 2012-ல் 218 துளையிடும் ரிக்குகள் நின்ற மாநிலத்தில் 2016 மே மாதம் 27 தான் நின்றன. அந்த வருடம் அரசுத் துறைகளின் செலவை 4.05 சதவீதம் வெட்ட ஆளுநர் ஆணையிட்டார். சேமிப்பு நிதி பூட்டியபடியே இருந்தது. நெருக்கடியில் கைவைக்க முடியாத உண்டியலால் என்ன பயன் என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. இன்று அதில் 10 பில்லியன் டாலருக்கு மேல் இருக்கிறது. ஏழெட்டு லட்சம் பேர் வாழும் மாநிலத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. 2025-ல் இந்த நிதியின் வருமானத்தை வைத்துத்தான் சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு 1,600 டாலர்வரை சொத்து வரிச் சலுகை கொடுத்தார்கள்.

செலவுக் கணக்கு மாநிலத்துக்குள் மட்டும் அடங்கவில்லை. குழாய் போதாததால் எண்ணெய் ரயிலேறியது. 2013 ஜூலை 6 அன்று பாக்கன் எண்ணெய் ஏற்றிய ரயில் கனடாவில் கியூபெக்கின் லாக் மெகான்டிக் ஊருக்குள் தடம்புரண்டு எரிந்ததில் 47 பேர் செத்தார்கள். ராயல்டி என்ற சொல்லே தேவைப்படாத ஊர் அது. வில்லிஸ்டன் வட்டாரத்திலோ எண்ணெயோடு வந்த வாயுவைக் கொண்டுபோகக் குழாய் இல்லாமல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எரித்துக்கொண்டிருந்தார்கள். இரவில் செயற்கைக்கோள் படத்தில் அந்த வெற்றுப் புல்வெளி ஒரு பெருநகரம்போல் மின்னியது. பென்சில்வேனியாவில் காசோலையில் விழும் அதே வாயுதான், இங்கே குப்பை.

நியூயார்க்: வேண்டாம் என்பதற்கும் விலை உண்டு

2008-லிருந்தே தற்காலிகத் தடை. 2014 ஜூனில், ஊராட்சிகளே மண்டல விதிகளை வைத்து ஃப்ராக்கிங்கைத் தடுக்கலாம் என்று டிரைடன் ஊர் வழக்கில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னது. டிசம்பரில் சுகாதார ஆணையர் ஹோவர்ட் ஸக்கர், இருக்கும் ஆதாரங்களைப் பார்த்தால் தன் குடும்பத்தை அப்படியொரு இடத்தில் குடிவைக்க மாட்டேன் என்ற பொருளில் பேசி முடித்துவைத்தார். 2020-ல் தடை சட்டமாகவே ஆனது.

அவர் பயந்தது வீண் பயமா? 2023-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வுகள் மேற்கு பென்சில்வேனியாவில் கிணறுகளின் அருகில் வாழ்பவர்களுக்கு ஆஸ்துமா மோசமாவதற்கும், குழந்தைகளுக்கு லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) வருவதற்கும் தொடர்பைக் காட்டின. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு தொடர்பு தென்படவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் முறை.

பண இழப்பும் உண்மைதான். எல்லைக்கு இருபுறமும் வீட்டு விலைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, தடையால் நியூயார்க் பக்கத்தில் வாயு தோண்ட வாய்ப்பு அதிகமிருந்த சொத்துகள் இருபது சதவீதத்துக்கு மேல் மதிப்பிழந்ததாகக் கணித்தது. எனக்கு உறுத்துவது இன்னொன்று. நியூயார்க் எரிவாயுவைக் கைவிடவில்லை. அதன் மின்சாரத்தில் பாதியளவு வாயுவில்தான் உற்பத்தியாகிறது, பென்சில்வேனியாவிலிருந்து குழாய் வழியாக வருகிறது. தோண்டுவது வேண்டாம் என்று முடிவெடுத்தது ஆல்பனி. அந்த முடிவின் செலவை ஏற்றது பிங்ஹாம்டன். அந்த வட்டாரத்துக்கு ஈடாக ஒன்றையாவது கையில் கொடுத்துவிட்டு அறிவித்திருக்கலாம். அன்றைய இரண்டாவது அறிவிப்பு அதற்கு நல்ல வாய்ப்பாக இருந்தது.

சரி, அந்தப் பொறாமை?

இதோ தலைக்கணக்கு. 2010-லிருந்து 2020-க்குள், வாயு கொட்டிய சஸ்குவேஹானா கவுன்ட்டி 43,356-லிருந்து 38,434 ஆனது: 11 சதவீதம் சரிவு. பிராட்ஃபோர்ட் 62,622-லிருந்து 59,967. எல்லைக்கு வடக்கே, தடையால் எல்லாம் போயிற்று என்று புலம்பிய நியூயார்க்கின் டியோகா கவுன்ட்டி 51,125-லிருந்து 48,455, ஐந்து சதவீதம்தான். பிங்ஹாம்டன் இருக்கும் புரூம் கவுன்ட்டி 2,00,600-லிருந்து 1,98,683. ஒரு சதவீதம் குறைந்தது. பல்கலைக்கழகமும் மருத்துவமனைகளும் செய்ததை வாயு செய்யவில்லை. தலையெண்ணிக்கை ஒன்றே பொருளாதாரம் ஆகாது, தெரியும். வயதான விவசாயி ராயல்டியை வாங்கிக்கொண்டு வெயில் ஊருக்குக் குடிபெயர்ந்தால் அது அவருக்கு வெற்றி. ஊருக்கு?

ஏன் இப்படி? டார்ட்மவுத் பொருளாதார அறிஞர்கள் ஜேம்ஸ் ஃபெய்ரர், எரின் மன்சூர், புரூஸ் சசர்டோட் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. ஒரு கவுன்ட்டியில் 10 லட்சம் டாலர் மதிப்புக்கு எண்ணெயோ வாயுவோ புதிதாக எடுத்தால், அங்கேயே தங்கும் கூலி 80,000 டாலர்; ராயல்டியும் தொழில் வருமானமும் 1,32,000. நூறு மைல் சுற்றளவுக்கு விரித்தால்தான் இரண்டும் சேர்ந்து ஐந்து லட்சத்தைத் தாண்டும். ஐந்தில் ஒரு பங்கு ஊரில், பாதி வட்டாரத்தில், மிச்சம் வெளியே. ஓஹையோ, மேற்கு வர்ஜீனியா, பென்சில்வேனியாவின் 22 வாயுக் கவுன்ட்டிகளை 2021-ல் ஆராய்ந்த ஓர் அமைப்பின் அறிக்கையும் இதே பக்கம்தான் கைகாட்டியது: 2008-க்கும் 2019-க்கும் இடையே உற்பத்தி மதிப்பு சுமார் 60 சதவீதம் ஏறியிருக்க, வேலைகள் 2 சதவீதம்கூட ஏறவில்லை.

எனவே யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும். 2009-ல் நூறு ஏக்கரும் கனிம உரிமையும் வைத்திருந்து பொறுமையாகக் கையெழுத்திட்டவருக்கு பென்சில்வேனியாதான் சொர்க்கம். 2011-ல் வேலையில்லாத இருபத்திரண்டு வயதுக்காரர் பஸ் ஏற வேண்டிய இடம் வில்லிஸ்டன், திரும்பி வர டிக்கெட் காசை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு. வாடகை வீட்டில் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவருக்கு நியூயார்க். வட்டாரத்தின் கண்ணால் பார்த்தால் நான் நார்த் டகோட்டாவை முதலில் வைப்பேன், ஒரு திருத்தத்தோடு: வரி விகிதம் அவர்களுடையது, பங்கீடு பென்சில்வேனியாவுடையது. கனமாக வசூலித்து, முதல் லாரி வரும்போதே ஊருக்குக் கொடுத்திருந்தால் வில்லிஸ்டன் கடனாளி ஆகியிருக்காது. பென்சில்வேனியாவைக் கடைசியில் வைக்கிறேன், நியூயார்க்குக்கும் கீழே. நியூயார்க்கின் வாயு இன்னும் பாறைக்குள் இருக்கிறது. பென்சில்வேனியா எடுத்து விற்றுவிட்டது.

அந்தத் தாக்கக் கட்டணத்துக்கு ஆயுள் 15 ஆண்டு. சட்டம் வருவதற்கு முன் தோண்டிய கிணறுகளுக்கெல்லாம் 2011-ஐ முதல் ஆண்டாக வைத்துக்கொண்டார்கள். அவற்றுக்கு 2025-ஆம் ஆண்டோடு முடிந்தது. சாலையை உடைத்த முதல் லாரிகள் அந்தக் கிணறுகளுக்குத்தான் போயின. இனி ஊர்க் கணக்கில் அவை பூஜ்யம். குழாயில் வாயு இன்னும் வந்துகொண்டிருந்தாலும்.